ஒர்க் ஆர்டரில் இல்லாத சுவர்

காண்ட்ராக்டர் பென்னலூர் தணிகாசலத்துக்கு ஒரகடத்தில் கிடைத்த ஒர்க் ஆர்டர் மூன்றே பக்கம். கார்களுக்குக் கதவுப் பூட்டு செய்யும் கம்பெனி ஒன்றின் மதிலோரமாக நானூறு மீட்டர் மழைநீர்க் கால்வாய். அந்த வேலை முடிந்து, அதற்குரிய பணமும் பெரும்பாலும் வந்துவிட்டது. வழக்கு வந்தது அந்த மூன்று பக்கத்திலும் இல்லாத ஒரு சுவரைப் பற்றி.

டிசம்பர் புயல் மழையின் இரண்டாம் நாள். காலை ஆறு மணிக்குக் கம்பெனியின் புராஜெக்ட் இன்ஜினியர் மணிகண்டபிரபு போன் செய்தான். டிரான்ஸ்பார்மர் மேடைக்குப் பின்னால் மண் சரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, டிரான்ஸ்பார்மர் சாஞ்சுதுன்னா பிளான்ட் மொத்தமும் நின்னுடும். ஆளுங்களக் கூட்டிக்கிட்டு உடனே வாங்க."

"ஒர்க் ஆர்டரு சார்?"

"மொதல்ல வேலைய ஆரம்பிங்கண்ணே. பேப்பர் பின்னாடி வரும். நான் இருக்கேன்ல?"

தணிகாசலம் போனார். மணிகண்டபிரபு மோசமானவன் இல்லை என்றுதான் அப்போது நினைத்தார். கால்வாய் வேலையின்போது பில்லை இழுத்தடிக்காதவன். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஆட்களோடு சேற்றில் நிற்பான், அவர்கள் சாப்பிடும் பொட்டலத்தையே பிரித்துச் சாப்பிடுவான். சிமென்ட், கம்பி எல்லாம் கம்பெனியே கொடுத்தது. ஆட்கள், மண் அள்ளும் வண்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டார், பலகை அடைப்பு ஆகியவை தணிகாசலத்தின் பொறுப்பு. பதினான்கு பேர் பத்தொன்பது நாள் வேலை செய்தார்கள். நூற்றுப்பத்தடி நீளத்தில் ஒன்பதடி உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழும்பியது. கேட்டிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் யாரிடமும் ஒரு போட்டோகூட இல்லை.

ஏழாம் நாள் மதியம் பள்ளத்துக்குள் மண் சரிந்தது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். சொர்ணம்மாளின் இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. தென்காசிப் பக்கம் சுரண்டையிலிருந்து புருஷன் மாசானத்தோடு வேலைக்கு வந்தவள். மண்ணைக் கையாலேயே தோண்டி அவளை எடுத்து, மணிகண்டபிரபுவும் மாசானமும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கம்பெனி ஜீப்பில் ஏற்றினார்கள். போகிற வழியில் மணிகண்டபிரபு சொன்னான்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு சொல்லுங்க. இல்லன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், டாக்டர் தொட மாட்டார்." மாசானம் அப்படியே சொன்னான். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள். முதல் நாள் செலவைக் கம்பெனி கட்டியது. தணிகாசலம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனார், பத்தாயிரம் கொடுத்தார். அதன் பிறகு போகவில்லை. மனைவி லீலா கேட்டபோது, "ஆஸ்பத்திரி செலவு மொத்தம் நான்தான் பாத்தேன்" என்றார்.

சுவருக்கான பில் ஏழு லட்சத்து எண்பதாயிரம். ஹெட் ஆபீசில் இருக்கிறது என்றார்கள். பிப்ரவரி போனது, ஏப்ரல் போனது. வண்டிக்காரனும் மோட்டார்க்காரனும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "கம்பெனி குடுத்தா நான் குடுக்கறேன்" என்று தணிகாசலம் ஆட்களிடம் சொன்னார். ஒரு கட்டத்தில் அவர்களுடைய போனை எடுப்பதை நிறுத்தினார். மாசானமும் மற்றவர்களும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள்.

நோட்டீஸ் வந்த மறுநாள் மணிகண்டபிரபு அவரைக் கூப்பிட்டான். ஏசி அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தான்.

"லேபர் ஆபீஸ்ல கம்ப்ளெய்ன்ட் இருக்குறவங்களுக்கு பேமென்ட் போடக் கூடாதுன்னு ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்கண்ணே. அத எப்படியாவது முடிச்சுட்டு வாங்க. ஒரே வாரத்துல பில்லு பாஸ் ஆகும்."

"எப்டி சார் முடிக்கறது? துட்டு குடுத்தாத்தான முடியும்?"

மணிகண்டபிரபு டைப் செய்த தாள் ஒன்றை நகர்த்தினான். கீழ்க்கண்ட நபர்கள் மேற்படி தேதிகளில் என்னிடம் எந்த வேலையும் செய்யவில்லை, அந்த நாட்களில் மேற்படி வளாகத்தில் நான் எந்தப் பணியும் மேற்கொள்ளவில்லை என்று அதில் இருந்தது. கீழே பதினான்கு பெயர்கள்.

"சும்மா ஒரு பேப்பருண்ணே. பணம் வந்ததும் நீங்களே அவங்களுக்குக் குடுத்துடப் போறீங்க. யாருக்கு நஷ்டம்?"

ஐந்தாவது பெயர் சொர்ணம்மாளுடையது. தணிகாசலம் அதைப் பார்த்தார். பணம் வந்ததும் முதலில் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். தொழிலாளர் அலுவலகத்தில் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று மனுவை முடித்துவைத்தார்கள்.

ஒரு வாரத்தில் பணம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தது கடிதம். அப்படி ஒரு வேலை உங்களுக்கு ஒப்படைக்கப்படவே இல்லை, அந்தச் சுவரைக் கட்டியது வேறொரு நிறுவனம், அவர்களுக்குப் பணமும் கொடுத்தாயிற்று என்றது கடிதம். மணிகண்டபிரபு போனை எடுப்பதை நிறுத்தினான்.

காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் வக்கீல் சுகப்பிரியாவின் அறை. முப்பது வயதுக்குள் இருக்கும். தணிகாசலம் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

"பேப்பர் இல்லாததால மட்டும் தோத்துட மாட்டோம் சார். சும்மா செஞ்சு தர்றேன்னு சொல்லாம நீங்க ஒரு வேலை செஞ்சு, அத அவங்க அனுபவிச்சா, அதுக்கு ஈடு குடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு. ஆனா செஞ்சது நீங்கதான்னு நாம காட்டணும். கேட் ரெஜிஸ்டர் கேப்போம். வேற ஏதாவது பேப்பர்ல நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களா? எனக்குத் தெரியாம எதுவும் இருக்கக் கூடாது."

"இல்ல மேடம்" என்றார் தணிகாசலம்.

வேறொரு அலுவலகத்தில் முடிந்துபோன விஷயம், அது எப்படிக் கோர்ட்டுக்கு வரும் என்று அவர் நம்பினார்.

கேட் ரெஜிஸ்டர் மழை வெள்ளத்தில் நனைந்து அழிந்துவிட்டது என்று கம்பெனி பதில் போட்டது. ஒன்றரை வருடம் வாய்தாவிலேயே போனது. கடைசியில் தணிகாசலம் சாட்சி சொல்லும் நாள் வந்தபோது, தைரியத்துக்கு இருக்கட்டும் என்று லீலாவையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கம்பெனி வக்கீல் வயதானவர். குரலை உயர்த்தவே இல்லை.

"பத்தொன்பது நாளும் நீங்க அங்க இருந்தீங்க?"

"இருந்தேன் சார்."

"உங்க ஆளுங்களும் இருந்தாங்க?"

"பதினாலு பேரு சார்."

அவர் ஒரு தாளை நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"ஐயாவுக்குக் கேக்குற மாதிரி படிங்க."

அவர் படித்தார். வேலை செய்யவில்லை, பணி மேற்கொள்ளவில்லை என்ற இடங்களில் குரல் இறங்கியது. சத்தமாக, என்றார் நீதிபதி. மறுபடி படித்தார். பெயர்களையும் படிக்கச் சொன்னார்கள். நான்கு பெயர் வரை வந்து நின்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார் வக்கீல். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "சொர்ணம்மாள்" என்று படித்தார்.

"இப்ப சொன்னது உண்மையா, அப்ப எழுதிக் குடுத்தது உண்மையா?"

"இப்ப சொன்னதுதான் சார் உண்மை. அத கம்பெனிதான் டைப் பண்ணி குடுத்தாங்க."

"கம்பெனி குடுத்துச்சுன்னு ஆதாரம் இருக்கா?"

இல்லை.

வெளியே வராண்டாவில் சுகப்பிரியா கோபப்படவில்லை. கேஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதத்தான சார் நான் கேட்டேன்? இனிமே ஒரே வழிதான். அந்த ஆளுங்க வந்து, ஆமா நாங்கதான் கட்டுனோம்னு சொல்லணும்."

பஸ்ஸில் லீலா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். சுங்குவார்சத்திரம் தாண்டிய பிறகு கேட்டாள்.

"அந்தப் பொம்பள கால் ஒடஞ்சி கெடந்தப்போதான அதுல கையெழுத்து போட்ட?"

"அப்போ நெலம அப்டி லீலா. உனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். ஆஸ்பத்திரி செலவு நீதான் பாத்தேன்னு சொன்ன. நான் அத நாலு பேருகிட்ட பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்."

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பின்னால் வரிசையாக எட்டு அறைகள். ஆறாவது அறையில் மாசானமும் சொர்ணம்மாளும் இருந்தார்கள். மாசானம் இப்போது ஒரு கிடங்கில் லோடு ஏற்றுகிறான். சொர்ணம்மாள் பெண்கள் விடுதி ஒன்றில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி காய் நறுக்கிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் தணிகாசலம் போனபோது இருவரும் இருந்தார்கள். மாசானம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னான். அவர் உட்காரவில்லை.

"மாசானம், கோர்ட்ல கேஸ் நடந்துகினு கீது. நீ வந்து ஒரு வார்த்த சொல்லணும். நீங்கதான் அந்தச் சொவரு கட்டுனீங்கன்னு."

சொர்ணம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "நாங்கதான் வேலையே செய்யலியே" என்றாள்.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"லேபர் ஆபீசுல அந்த சாரு வாசிச்சாரு. ஒவ்வொரு பேரா வாசிச்சாரு. சொர்ணம்மாள், வேலை செய்யவில்லைன்னு. நான் கம்ப ஊனிக்கிட்டு அவரு முன்னாலதான் நிக்கேன். என் காலப் பாக்காரு, பேப்பரப் பாக்காரு. ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, நெசமாவே நான் பாத்ரூம்லதான் விழுந்தேனோன்னு எனக்கே ஒரு நெனப்பு வந்துட்டு."

"தப்புதாம்மா. நான் செஞ்சது தப்புதான்."

"அத இங்க வந்து என்கிட்ட சொல்லுதிய. யாருகிட்ட பொய் சொன்னியளோ அங்கல்லா போயிச் சொல்லணும்?"

மாசானம் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"நான் வாரேன் காண்ட்ராக்டரே. ஆனா வந்தா நடந்தது அம்புட்டையும் சொல்லுவேன். பாதியச் சொல்லிப் பாதிய மறைக்கதுக்கு என்னால ஆவாது. மொதல்ல நீங்க அந்த ஆபீசுக்குப் போயி, நான் எழுதிக் குடுத்தது பொய்யின்னு எழுதிக் குடுங்க. அதப் பாத்துட்டுத்தான் கோர்ட்டுக்கு வருவேன்."

சுகப்பிரியா எச்சரித்தாள். "எழுதிக் குடுத்தீங்கன்னா கேஸ்ல ஜெயிச்சாலும் தோத்தாலும் அவங்க கூலி உங்க தலையிலதான். பொய் வாக்குமூலம் குடுத்தீங்கன்னு வேற ஏதாவது வந்தாலும் வரும். நல்லா யோசிச்சுக்கோங்க."

தணிகாசலம் நான்கு நாள் யோசித்தார். ஏழு லட்சத்து எண்பதாயிரம் வந்தால், வட்டியும் சேர்ந்தால், கூலி இரண்டரை லட்சத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரன் கடனையும் அடைக்கலாம். மனசாட்சி பாதி, இந்தக் கணக்குப் பாதியாகத்தான் அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். பத்தொன்பது நாளும் அவர்கள் வேலை செய்தார்கள், கூலி கொடுக்கவில்லை, முன்பு கொடுத்தது பொய் என்று எழுதினார். சொர்ணம்மாளின் காலைப் பற்றி எழுதவில்லை. அதற்கான ஈடு எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் பயமாக இருந்தது. அதிகாரியும் கேட்கவில்லை. முடிந்துபோன மனுவை மறுபடி எடுத்தார்கள்.

மாசானம் சொன்னபடி வந்தான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். சுகப்பிரியா கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னான். கீழே எத்தனை அடி தோண்டினார்கள், தண்ணீர் வடிய எந்த இடத்தில் பைப் விட்டார்கள், எந்த மூலையில் கம்பி பற்றாமல் துண்டுக் கம்பி வைத்துக் கட்டினார்கள் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். கூலி வரவில்லை என்றும் சொன்னான். மனைவியின் கால் முறிந்ததையும் சொன்னான். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாகத் தணிகாசலத்துக்கு நம்பிக்கை வந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். இந்த முறையும் கையில் ஒரு தாள்.

"ஆஸ்பத்திரியில உங்க மனைவிக்கு எப்படி அடிபட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"பாத்ரூம்ல விழுந்தான்னு சொன்னேன்."

"அது உண்மையா?"

"இல்ல சார். அப்படிச் சொல்லச் சொன்னாவ."

"சொல்லச் சொன்னா சொல்லுவீங்க?"

"அவ வலி தாங்காமக் கத்திட்டு இருந்தா சார். டாக்டரு பாக்கணுமேன்னு சொன்னேன்."

"கேஸ் ஜெயிச்சா உங்களுக்குப் பணம் வரும்தானே?"

"எங்க கூலி சார் அது."

"வருமா, வராதா?"

"வரும்."

அவ்வளவுதான் என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாய்தாவில் கம்பெனி சார்பில் மணிகண்டபிரபு வந்தான். இப்போது அவன் பிளான்ட் மேனேஜர். சற்றுப் பருத்திருந்தான். சுவரைக் கட்டியது வேறு நிறுவனம் என்றான். தணிகாசலத்தைக் கால்வாய் வேலைக்கு மட்டும் தெரியும் என்றான். ஒரு பெண்ணுக்கு அடிபட்டு ஜீப்பில் தூக்கிப் போனீர்களே என்று சுகப்பிரியா கேட்டாள். அப்படி எதுவும் நினைவில்லை என்றான். ஆஸ்பத்திரியில் முதல் நாள் பணம் கட்டியது யார் என்று கேட்டாள். மனிதாபிமானத்தில் கம்பெனி பலருக்கும் உதவும், ஒவ்வொன்றையும் நினைவு வைத்துக்கொள்ள முடியாது என்றான்.

வெளியே வந்தவன், படியருகே நின்றிருந்த மாசானத்தைப் பார்த்து நின்றான். யாராவது கவனிக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அக்காவுக்குக் கால் இப்ப எப்படி இருக்கு?"

மாசானம் அவன் முகத்தையே பார்த்தான். "உள்ள கேட்டதுக்கு நெனவில்லன்னிய. வெளிய வந்ததும் நெனவு வந்துட்டோ?"

மணிகண்டபிரபு காரை நோக்கிப் போய்விட்டான்.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. கால்வாய் வேலைக்காகப் பிடித்துவைத்திருந்த டெபாசிட் அறுபத்திரண்டாயிரத்தை வட்டியோடு கொடுக்க வேண்டும். சுவருக்கான கோரிக்கை தள்ளுபடி. அரசு அலுவலகத்தில் ஒன்றும் நீதிமன்றத்தில் வேறொன்றும் சொன்ன வாதியை நம்ப இயலவில்லை, சாட்சி பலனை எதிர்பார்த்து வந்தவர் என்று எழுதியிருந்தது. சுகப்பிரியா அதை வாசித்துக் காட்டிவிட்டு, அப்பீல் போகலாம் என்றாள். அவள் குரலிலேயே நம்பிக்கை இல்லை. தணிகாசலம் வேண்டாம் என்றார்.

அதே மாதம் தொழிலாளர் அலுவலகத்தின் உத்தரவும் வந்தது. பதினான்கு பேருக்கும் பத்தொன்பது நாள் கூலி, முப்பது நாளுக்குள். அவர் எழுதிக் கொடுத்ததே போதிய ஆதாரமாக இருந்தது.

விற்க இருந்தது படப்பையில் வாங்கிப்போட்ட அறுநூறு சதுர அடி மனை மட்டும். லீலாவின் அப்பாவுடைய நிலத்தை அரசு தொழிற்பேட்டைக்கு எடுத்தபோது அவளுக்கு வந்த பங்கில் வாங்கியது, அவள் பெயரில் இருந்தது. எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் திணறினார். மூன்றாம் நாள் சோறு போடும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"மனைய வித்துடு. நான் கையெழுத்து போடறேன்."

அவர் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்தியே, அதுல அவ காலு வெஷயம் எழுதினியா?"

"அது வேற கேசு லீலா. அது தனியா..."

"எழுதினியா?"

"இல்ல."

லீலா குழம்புச் சட்டியை மூடிவிட்டு எழுந்து போனாள்.

பத்திரப்பதிவு ஒரு வெள்ளிக்கிழமை காலை நடந்தது. லீலாவின் விரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. மூன்று முறை துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். பணம் அவள் கணக்குக்கு வந்தது. கூலிக்கும் கடனுக்கும் உண்டானதை அங்கேயே, வாசல் மரத்தடியில் நின்றபடி, போனில் அவருக்கு அனுப்பினாள். மீதியை அனுப்பவில்லை.

"அது எதுக்கு?" என்று கேட்டார் தணிகாசலம்.

"உனக்கு இல்ல" என்றாள். சாலையைக் கடந்து, ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். கூட வரட்டுமா என்று அவர் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கும். அவள் திரும்பவில்லை.

சொர்ணம்மாள் விடுதியிலிருந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். யார் வந்திருப்பது என்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. லீலா வாசலிலேயே நின்று தான் யாரென்று சொன்னாள், எதற்காக வந்திருக்கிறாள் என்பதையும் சொன்னாள். உள்ளே வாங்க என்று சொர்ணம்மாள் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

"உள்ள வச்ச தகட்ட எடுக்கணும்னு டாக்டரு சொன்னாரு. ரெண்டு வருசமா எடுக்கல" என்றாள். புடவையை விலக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்து, ஒரு பக்கம் மேடிட்டிருந்தது. லீலா குனிந்து பார்த்தாள். தொடலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதால காலு பழையபடி ஆவாது" என்றாள் சொர்ணம்மாள். "நீங்க குடுத்திய, நான் மன்னிச்சிட்டேன்னும் ஆவாது. ஆனா வாங்கிக்கிடுதேன். எனக்கு வேணும்."

"வாங்கிக்கம்மா" என்றாள் லீலா.

மாசானம் வரும்வரை லீலா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.